மிஸ்டு கால் கொடுத்த பாட்டு



முழு ஆண்டு லீவுல பெரியம்மா வீட்டு அண்ணன் வந்திருந்தார். "உலகம் பூரா ஒரு பாட்டு ஓடணும்னா அது இங்கிலீஷ்ல இருக்கணும். தமிழ் மீடியத்துல படிக்கிற உனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?" என்றார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. ஆனா அப்போ பதில் சொல்லத் தெரியல. அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பாட்டுப் பட்டியல் உண்டு. அந்தக் காலத்தில் ஒரு வாரத்தில் எந்தப் பாட்டு அதிகம் விற்றதோ அதுக்கு முதல் இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் 1952-லேயே ஆரம்பித்துவிட்டது. பல நாட்டுக் கணக்கையும் சேர்த்து 'யூரோசார்ட்' என்று ஒரு பெரிய பட்டியலும் அப்போது வந்தது. 2004-ஆம் ஆண்டு அந்தப் பெரிய பட்டியலில் 12 வாரம் முதல் இடத்தில் இருந்த பாட்டு எது தெரியுமா? 'டிராகோஸ்தியா தின் தேய்'. இங்கிலீஷ் இல்லை, பிரெஞ்சும் இல்லை. ரொமேனிய மொழி!

பாடியவர்கள் 'ஓ-ஸோன்' என்ற குழுவின் மூன்று இளைஞர்கள். ஊர் மால்டோவா. ரொமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் இருக்கிற சின்ன நாடு அது. மக்கள் தொகை 40 லட்சத்தைத் தாண்டாது. ஐரோப்பாவிலேயே ஏழை நாடுகளில் ஒன்று. 1991 வரை சோவியத் யூனியனில் இருந்தது. அப்போது அவர்கள் தங்கள் மொழியை ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில்தான் எழுத வேண்டும். மக்கள் போராடி, 1989 ஆகஸ்ட் 31-ல்தான் பழைய லத்தீன் எழுத்தைச் சட்டப்படி திரும்ப வாங்கினார்கள். இந்தப் பாட்டை எழுதிய டான் பாலனுக்கு அப்போது பத்து வயசு. நம்ம அஞ்சாம் வகுப்புத் தம்பிகளைப் போல! அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

தலைப்பில் வரும் 'தேய்' என்பது லிண்டன் மரம். கோடையில் வாசமாகப் பூக்குமாம். பாட்டின் கதை ரொம்பச் சின்னது. ஒரு பையன் தன் காதலிக்குப் போன் செய்கிறான். (ஆசிரியர்கள் மன்னிக்கணும், கதை அப்படித்தான்.) உனக்கு மிஸ்டு கால் கொடுத்தேன், ஆனா உன்கிட்ட எதுவும் கேட்கல என்கிறான். காசு மிச்சம் பண்ண நம்ம வீட்டுலயும் முன்னாடி மிஸ்டு கால்தானே கொடுப்பாங்க! ஆரம்பத்தில் வரும் ஓசைக்கு மட்டும் எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. அதைத்தான் எல்லோரும் பாடினார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. இத்தாலியில் முதலில் பிரபலமானது இவர்கள் குரல் இல்லை. 'ஹைடூச்சி' என்ற பெயரில் ரொமேனியப் பெண் ஒருவர் அதே பாட்டைப் பாடி வெளியிட்டார். அது அங்கே முதல் இடம் பிடித்தது. பிறகுதான் அசல் பாட்டு பரவியது. ஜெர்மனியில் 14 வாரம், பிரான்சில் 15 வாரம் அதுதான் முதல். இங்கிலாந்தில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அண்ணன் சொன்னதில் அந்த அளவு உண்மை இருக்கு. நான் மறைக்க மாட்டேன்.

2005-ல் அந்தக் குழு பிரிந்துவிட்டது. ஆனா பாட்டு நிற்கல. 2008-ல் அமெரிக்காவில் டி.ஐ.யும் ரியானாவும் இதே மெட்டை எடுத்து ஒரு இங்கிலீஷ் பாட்டு பாடினார்கள். அது அந்த நாட்டுப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது.

போன வாரம் பெரியம்மா போன் செய்தபோது அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி, அந்த மெட்டைப் பாடியும் காட்டினேன். "அடப்பாவி, இதுக்கு நான் காலேஜ்ல ஆடியிருக்கேனே! இது இங்கிலீஷ் இல்லையா?" என்றார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி