பவுத்திரம் திரும்ப வந்தால்: கைக்குழந்தைக்காரர்களுக்கு

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் நெடுங்காலம் நர்ஸாக இருந்தவள் நான். "ஆபரேஷன் செஞ்சும் மறுபடி வந்துடுச்சே, சிஸ்டர்" என்று கேட்ட தாய்மார்களுக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

1. உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள், அம்மா. நீங்கள் சாப்பிட்ட கத்தரிக்காயால் வந்ததல்ல இது. ஆசனவாய்க்குள் சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகள் எல்லோருக்கும் உண்டு. சில குழந்தைகளுக்கு அவை பிறவியிலேயே ஆழமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அங்கே கிருமி தங்கிச் சீழ் பிடித்து, வெளியே தோலில் கட்டியாக எழும்புகிறது. கட்டி உடைந்த பிறகும், குழியிலிருந்து தோல்வரை சீழ் வந்த வழி தூர்ந்துபோகாமல் நின்றால் அதுதான் பவுத்திரம். பெரும்பாலும் ஒரு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளுக்கே வருகிறது.

2. கட்டியைப் பிதுக்கவே கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். மலம் கழித்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

3. டாக்டர் "பொறுத்துப் பார்ப்போம்" என்றால் அதை அலட்சியம் என்று எண்ணாதீர்கள். பால் நன்றாகக் குடித்து எடையும் ஏறும் பையனுக்கு, ஒரு வயதை ஒட்டி இது தானாகவே மூடிக்கொள்வது உண்டு. ஜப்பானில் கத்தியை எடுக்கும் முன் ஹைனோசன்கியூடோ என்ற மூலிகை மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதற்காக இங்கே யாரோ அரைத்துத் தரும் சூரணத்தைப் புகட்டிவிடாதீர்கள்.

4. திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அதே இடமா, வேறு இடமா என்பதை. கட்டியைக் கீறிச் சீழை மட்டும் எடுத்திருந்தால், உள்ளே ஊற்றை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் தூர்வாரிய கதைதான். அதே இடத்தில் மீண்டும் கசியும். வழி முழுவதையும் திறந்து ஆற விட்டிருந்தாலும், உட்குழி கண்ணில் படாமல் போயிருக்கலாம். இடம் வேறு என்றால் பக்கத்துக் குழியில் புதிதாக வந்திருக்கும். முதல் ஆபரேஷன் தோற்றதாக அர்த்தமில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று டாக்டரால் முடிவெடுக்க முடியும். அதனால் ஒவ்வொரு முறையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காதீர்கள். மறு ஆபரேஷன் என்றதும், மலம் அடக்கும் தசை கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். கைக்குழந்தைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் நேராக, ஆழமில்லாமல் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

5. "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று சுவரில் எழுதியிருக்கும் இடங்களுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடமே போங்கள்.

6. எடை ஏறவில்லை, பேதி நிற்கவில்லை, மலத்தில் ரத்தம், வாய்ப்புண், பல இடங்களில் துளை, உடம்பில் வேறெங்காவது அடிக்கடி சீழ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நோய் எதிர்ப்புச் சக்தியில் பிறவிக் குறை இருக்குமா என்று கேளுங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இப்படிப்பட்ட குறைகள் சில, சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு அதிகம் வருபவை. பெண் குழந்தை என்றால் பிறவி அமைப்பிலேயே கோளாறு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

7. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, எந்த வயதானாலும் சிவப்பு பரவிப் பால் குடிக்க மறுத்தாலோ, பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.