லேத்துக்கு விலை உண்டு, டர்னருக்கு?



ஒரு கம்பெனி லேத் வாங்கினால் அது பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக ஏறும். வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பார்கள். அந்த லேத்தை ஓட்டுகிற டர்னர் எங்கே வருகிறார்? அவருடைய சம்பளம் செலவுக் கணக்கில் வரும், அவ்வளவுதான். ஆள் இல்லாவிட்டால் லேத் வெறும் இரும்புதானே! அப்புறம் ஏன் இப்படி?

சொத்து என்றால் அது கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது கணக்கு விதி. மெஷின் ராஜினாமா செய்யாது, மனிதர் செய்வார். அதனால் அவருக்குப் பயிற்சி கொடுத்த பணம்கூடச் செலவாகவே எழுதப்படுகிறது.

இந்தக் குறையைப் போக்க வந்ததே மனிதவளக் கணக்கியல். இதில் இரண்டு முக்கிய முறைகளைப் பார்ப்போம்.

1. செலவு முறை: ஆளைத் தேர்ந்தெடுக்கவும் பயிற்றுவிக்கவும் ஆன தொகையே அவர் மதிப்பு. அமெரிக்காவின் ஆர்.ஜி. பேரி என்ற காலணிக் கம்பெனி 1960களின் இறுதியில் இதைச் செய்து பார்த்தது.

2. வருமான முறை: லெவ், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 1971-ல் சொன்னது. ஒருவர் ஓய்வு பெறும்வரை வாங்கப்போகும் சம்பளத்தின் இன்றைய மதிப்பே அவர் மதிப்பு. உதாரணமாக, ஆண்டுச் சம்பளம் ரூ.1,00,000, இன்னும் 3 வருஷம் சர்வீஸ், கழிவு வீதம் 10% என்று வைப்போம். 90,909 + 82,645 + 75,131 = ரூ.2,48,685.

நம் நாட்டில் இதற்கு முன்னோடி, திருச்சி திருவெறும்பூரில் ஆலை வைத்திருக்கும் பெல் நிறுவனம். 1973-74 ஆண்டறிக்கையிலேயே மனிதவள மதிப்பை வெளியிட்டது. 1990களில் இன்ஃபோசிஸும் வெளியிட்டது. ஆனால் இப்படி மதிப்புப் போட்டுக் காட்ட வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

வருமான முறையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சம்பளம்தான் மதிப்பு என்றால், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் குறைந்த கூலி வாங்குபவர் மதிப்புக் குறைந்தவர் என்றாகிவிடும். என் அப்பா பல வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், அவர் கூலியில்தான் படிக்கிறேன். கம்பெனிக் கணக்கில் அவருக்குப் பெயர் கிடையாது. கான்ட்ராக்டர் பில்லில் ஒரு வரி, அதோடு சரி. எந்த சூத்திரம் போட்டாலும் அவர் கணக்குக்குள் வரமாட்டார்.

இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2022-23 முதல், பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் தனியாக ஓர் அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமில்லாதவர் எத்தனை, குறைந்தபட்சக் கூலி, பயிற்சி, விபத்து எல்லாவற்றையும் அதில் சொல்ல வேண்டும். ரூபாய் மதிப்பு இல்லை, ஆனால் ஆளையாவது எண்ணுகிறார்கள்.

நண்பர்களே, நாளை கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெரிய கம்பெனி வந்தால், சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். அந்த அறிக்கையை எடுத்து, நிரந்தரமில்லாதவர் எத்தனை பேர், விபத்து எத்தனை, பயிற்சி எத்தனை பேருக்கு என்று பாருங்கள். அங்கே நம்மை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.