வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்

சென்னைக்குப் பெருமழை புதிதல்ல. 1943, 1976, 2005 வெள்ளங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, அடையாற்றங்கரையில் பல வீடுகளின் தரைத்தளமே மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் படகு! சதுப்பு நிலத்தில் வீடு கட்டினால் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரத்தானே செய்யும்?

சரி, இதில் வைத்தியருக்கு என்ன வேலை என்கிறீர்களா? வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல் அன்றைக்கே வராது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்து, வீட்டைக் கழுவித் துடைத்து வெள்ளத்தையே மறந்திருக்கும்போது வரும். திடீர்க் குளிர்காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு இருந்தால் எலிக்காய்ச்சலோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சொல்கிறேன், இதற்கு நிலவேம்புக் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வெள்ளத்தில் நடந்தேன்' என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். விட்டுவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசுவது நம் வீட்டு வழக்கம். தாராளமாகப் பூசுங்கள். ஆனால் புண் ஆறும்வரை தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.