தோட்டத்துக் காசு தேடும் பிள்ளைகளுக்கு

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் புதிதாக வில்லைக்காசு சேர்க்க வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சேவல் காசில் தொடங்குங்கள். ஒரு பக்கம் சேவலும் ஜாவியில் 'தானா மலாயு'வும், மறுபக்கம் ஹிஜ்ரி 1247, அதாவது 1831. சிங்கப்பூர் வணிகர்கள் பர்மிங்ஹாமில் அடித்து வரவழைத்த செம்புக் காசு இது. அரசாங்கம் வெளியிட்டதல்ல. நிறையக் கிடைப்பதால் கண் பழக இதைவிட நல்லது இல்லை.

2. அடுத்தது நம் மாநிலத்து வெள்ளீயம். கெடா சுல்தான்கள் காலத்துச் சிறு ஈயக்காசை 'திரா' என்பார்கள். கையில் எடுத்ததும் ஈயம் என்று தெரியும். காரீயம் எவ்வளவு கலந்தது என்பதைக் கை சொல்லாது. அதற்குத் தண்ணீர் வேண்டும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள். காசை முதலில் உலர்ந்தபடி நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். முதல் எடையை இப்போது தெரியும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெள்ளீயம் 7.3, செம்பு 8.9, காரீயம் 11.3. 14.6 கிராம் காசு தண்ணீரில் 2.00 காட்டினால் சுத்த வெள்ளீயம். ஆனால் நேற்று வார்த்த போலியும் அதே 7.3 காட்டும். அடர்த்தி உலோகத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. சோதனை முடிந்ததும் நன்றாக உலர்த்துங்கள்.

3. காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்டினால் இரும்போ நிக்கலோ இருக்கும். செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் ஒட்டாது.

4. 'எஸ்டேட் காசு', அதாவது தோட்டம் வெளியிட்ட வில்லை, என்று சந்தையில் நீட்டுவதில் பாதிக்கு மேல் வெறும் எண் பொறித்த பித்தளைத் தகடு. எண் மட்டும் இருந்தால் அது எந்தத் தோட்டத்துக்கும் சொந்தம், எதற்கும் சொந்தமில்லை. தோட்டத்தின் பெயரும் மதிப்பும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் காப்பிக் கிடங்குக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொட்டை பொறுக்கிய பெண்களுக்குக் கொடுத்த வில்லைகளில் கம்பெனிப் பெயர் இருக்கும், அதுதான் ஆதாரம். நம் நாட்டில் 1955 வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தைச் செல்லுபடியாகும் பணமாகத்தான் கொடுக்கச் சொன்னது, கள்ளுக்கடையிலும் மளிகைக் கடையிலும் வைத்துக் கொடுக்கக்கூடாது என்றது. ஆகவே அதற்குப் பிந்திய 'சம்பள வில்லை' என்று யாராவது கதை சொன்னால் பணப்பையை மூடுங்கள். 'கள்ளுக்கடை டோக்கன்' என்றால் விலை இரட்டிப்பாகும், தெரியுமோ? நம் கெடாவின் ஹார்வர்டு தோட்டத்தில் 1947இல் தொண்டர் படை கள்ளை எதிர்த்துக் கிளம்பிய கதையையும் சேர்த்து விற்பார்கள். கதை உண்மை. தகடு வேறு விஷயம்.

5. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்தக் காசை மட்டும் தனியாக வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் போடுங்கள். மலிவான பிவிசி உறை வேண்டவே வேண்டாம், பச்சைப் பிசுக்கு ஏற்றிவிடும்.

6. பூஜாங் பள்ளத்தாக்கு, மெர்போக் பக்கம் மண்வெட்டியோடு போகாதீர்கள். மண்ணில் பழங்காசோ பழம்பொருளோ கிடைத்தால் 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி தெரிவிக்க வேண்டும்; மாவட்ட அதிகாரியிடம் சொல்லலாம்.

7. லயத்தில் வாழ்ந்த பாட்டிகளிடம் போய் உட்காருங்கள், வாங்குவதற்காக அல்ல. பெட்டியில் கிடக்கும் தகட்டை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கொடுத்தார்களா, ரப்பர்ப் பால் ஸ்டோரிலா, கடையிலா என்று அவர்களுக்குத்தான் தெரியும். தோட்டம், டிவிஷன், வாங்கிய ஆண்டு எல்லாவற்றையும் அன்றைக்கே பென்சிலால் எழுதி உறைக்குள் போடுங்கள். மை வேண்டாம், வேர்வையில் கலைந்துவிடும்.