பாரதியின் ‘தேசீயக் கல்வி’யில் தற்சிந்தனையும் தற்சார்பும்: அரசியல், அறிவியல், அறப் பாடங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பாரதியின் ‘தேசீயக் கல்வி’ என்னும் உரைநடைப் பகுதி தாய்மொழிவழிக் கல்விக்கான சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்பட்டு வருகிறது. அப்பகுதி கிராமப் பள்ளிக்கான முழுமையான பாடத்திட்டம் ஒன்றையும் வகுத்தளிக்கிறது. அத்திட்டத்தில் இடம்பெறும் ராஜ்ய சாஸ்திரம், ஸயின்ஸ், மதப்படிப்பு, பொருள்நூல் ஆகிய பிரிவுகளை ஒருசேர வைத்து நோக்கி, கற்பவர் தமக்கென ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்வதற்கு அவை எவ்வளவு இடம் தருகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்விடம் எல்லாப் பாடங்களிலும் ஒரே அளவினதாக இல்லை என்பதும், அந்த வேறுபாடே பாரதியின் கல்விச் சிந்தனையை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பாரதி, தேசீயக் கல்வி, தற்சிந்தனை, தற்சார்பு, ராஜ்ய சாஸ்திரம், பரிபாஷை, பெண் விடுதலை.

முன்னுரை

விடுதலை இயக்கக் காலத் தமிழ் உரைநடையில் ‘விடுதலை’ என்னும் சொல் பெரும்பாலும் நாட்டைச் சுட்டியே வழங்கியது. பாரதி (1882–1921) அச்சொல்லைத் தனிமனிதர், பெண், மொழி, தொழில் எனப் பல தளங்களுக்கும் விரித்துப் பயன்படுத்தினார். நாடு விடுதலை பெறுவதற்கும் அந்நாட்டில் வாழும் ஒருவர் தம் அறிவால் தாமே முடிவெடுக்கும் நிலையை அடைவதற்கும் இடையே உள்ள உறவு யாது என்னும் வினாவுக்கு அவர் கவிதைகளைக் காட்டிலும் கட்டுரைகளிலேயே தெளிவான விடை கிடைக்கிறது. கவிதை விடுதலையைப் பாடுகிறது. கட்டுரையோ அதற்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், எந்தப் பாடம் வேண்டும், எந்தச் சொல் வேண்டும் என்று கணக்கிடுகிறது. அவ்வகையில் ‘தேசீயக் கல்வி’ தனிக் கவனத்திற்குரியது.

ஒரு பாடத்திட்டத்தை இருவகையாக வாசிக்கலாம். அதில் என்னென்ன கற்பிக்கப்படுகின்றன எனப் பட்டியலிடுவது ஒருவகை. கற்பவர் எந்நிலையில் நிறுத்தப்படுகிறார் எனக் காண்பது மற்றொரு வகை. பாரதியியலில் முதல்வகை வாசிப்பே மிகுதியாக நிகழ்ந்துள்ளது. இக்கட்டுரை இரண்டாம் வகையை மேற்கொள்கிறது.

கல்விச் சூழல்

1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம், ஆங்கில அரசின் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி என்னும் கருத்தை வலுப்படுத்தியது. 1906இல் கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. அதன் கல்லூரிக்கு அரவிந்தர் முதல் முதல்வராக அமைந்தார். சென்னை மாகாணத்தில் அன்னி பெசண்ட் அம்மையார் அடையாற்றைக் களமாகக் கொண்டு 1917இல் இம்முயற்சியை முன்னெடுத்தார். தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் நோக்குடன் கோகலே 1911இல் கொண்டுவந்த சட்ட முன்வரைவு மறு ஆண்டு தோல்வியுற்றது. அரசு தானாக முன்வந்து கல்வியைப் பரவலாக்கும் என்னும் எதிர்பார்ப்பு இதனால் தளர்ந்தது.

பாரதியின் திட்டம் இச்சூழலில் எழுந்தது. ஆயினும் அது மேற்குறித்த முயற்சிகளின் எதிரொலியாக மட்டும் அமையவில்லை. தமிழ்நாட்டில் தேசியக் கல்வி எனத் தொடங்கிவிட்டு அதில் தமிழுக்கு முதலிடம் தராமல் விடுவதை அவர் கடுமையாக மறுக்கிறார். பலகை, குச்சி போன்ற வகுப்பறைப் பொருள்களுக்கும் தமிழ்ப்பெயரே வழங்கவேண்டும் என அவர் வற்புறுத்துவது இம்மறுப்பின் விரிவாகும்.

பள்ளியின் அமைப்பில் தற்சார்பு

இத்திட்டம் அரசை நோக்கிய வேண்டுகோளாகத் தொடங்கவில்லை, ஊர்மக்களையே முன்னிலைப்படுத்துகிறது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பள்ளியை மக்களே நிறுவவேண்டும். பெரிய ஊராயின் இரண்டு மூன்று தெருக்களுக்கு ஒன்றாக இயன்ற அளவு நிறுவவேண்டும். தொடக்கத்தில் மூன்று ஆசிரியர்கள் போதும். அவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருக்கவேண்டிய தேவையில்லை.

இறுதிக் கூற்று சிக்கனம் கருதியது மட்டும் எனக் கொள்ள இயலாது. அக்காலத்துப் பட்டம் என்பது அரசுப் பணிக்கான நுழைவுச்சீட்டாக விளங்கியது. கற்பிக்கும் தகுதியை வழங்கும் அதிகாரத்தை அரசுசார் தேர்வுமுறையிடமிருந்து விலக்கி ஊராரின் மதிப்பீட்டிடம் ஒப்படைப்பதாக இக்கூற்று அமைகிறது. யார் அறிவுடையவர் எனத் தீர்மானிக்கும் உரிமையையே பாரதி தற்சார்பின் முதற்படியாகக் கொண்டார் எனலாம்.

ராஜ்ய சாஸ்திரம்

தொடக்கப் பள்ளியின் பாடங்களுள் ராஜ்ய சாஸ்திரத்தையும் பொருள்நூலையும் சேர்த்திருப்பது இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறாகும். அரசு குடிகளின் நன்மைக்காகவே உள்ளது என்பதும், ஆள்வோரைத் தெரிவுசெய்யும் உரிமை குடிகளுக்கு உரியது என்பதும் சிறுவர் மனத்தில் பதியவேண்டும் என்பது இப்பாடத்தின் சாரம்.

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த வாக்குரிமை சொத்தும் வரியும் சார்ந்து வரையறுக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமைத் தடையை நீக்கும் தீர்மானத்தை 1921இல்தான் நிறைவேற்றியது. இவற்றோடு ஒப்பிடும்போது, குடிகளின் உரிமையை ஊர்ப்பள்ளியின் பாடப்பொருளாக்கியது காலத்தை முந்திய செயலே.

எனினும், இப்பாடத்தில் மாணவர் ஒரு முடிவுக்கு வந்துசேர்வதில்லை. முடிவு முன்னரே அவருக்கு வழங்கப்பட்டுவிடுகிறது. குடிகளின் சம்மதமே ஆட்சியின் அடிப்படை என்னும் கொள்கை கற்பிக்கப்படுகிறதேயன்றி விவாதத்திற்கு வைக்கப்படுவதில்லை. அதேவேளை கிராம நிருவாகம், ஊர்த் துப்புரவு போன்றவற்றோடு இப்பாடம் இணைக்கப்படுவதால் கொள்கையைத் தம் ஊரிலேயே பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு மாணவருக்கு அமைகிறது. கோட்பாட்டளவில் ஏற்பும் நடைமுறையளவில் பங்கேற்பும் என இந்நிலையைக் குறிப்பிடலாம்.

ஸயின்ஸும் பரிபாஷையும்

தற்சிந்தனைக்கு மிகுதியான இடம் தரப்படுவது அறிவியற் பாடத்திலேயே. ஐரோப்பிய அறிவியலின் தொடக்க உண்மைகளைக் கருவிகளைக் கொண்டும் சோதனைகளைக் கொண்டும் கற்பிக்கவேண்டும் என்பதோடு, மாணவர் தாமே சோதனை செய்து பார்க்கும் திறனையும் பெறவேண்டும் என்கிறார் பாரதி. தொழிலுக்கும் வணிகத்திற்கும் பயன்படுவது பற்றி வேதியியலுக்குத் தனி அழுத்தம் தருகிறார். ஆசிரியர் கூறினார் என்பதோ நூலில் உள்ளது என்பதோ இங்குப் போதிய சான்றாவதில்லை. தன் கையால் செய்து தன் கண்ணால் கண்டதே சான்று என்னும் நிலையில் மாணவர் நிறுத்தப்படுகிறார். ஜகதீச சந்திர போஸ் 1917இல் தம் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையைப் பாரதி ‘ஜீவ வாக்கு’ எனத் தமிழாக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. அறிவியலை ஐரோப்பாவிடமிருந்து கடன்பெறும் பொருளாகக் கருதாமல், இந்நாட்டாரும் ஆக்கித்தரும் அறிவாக அவர் கண்டார்.

இப்பாடத்தை ஒட்டி அவர் வகுக்கும் கலைச்சொல் நெறி ஆழ்ந்து நோக்கத்தக்கது. இயன்றவரை மக்களுக்கு முன்பே தெரிந்த சொற்களை ஆளவேண்டும். அது பொருந்தாத இடத்தில் வடசொற்களைக் கொள்ளலாம். பொருள்களின் பெயருக்கு அவையும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லை ஏற்கலாம். ஆனால் குணம், செயல், நிலை ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல்லை வழங்குதல் கூடாது என்பது அந்நெறி.

இந்நெறியை மொழித்தூய்மை நோக்கில் மட்டும் மதிப்பிட்டால், வடசொல்லுக்கு இடம் தந்த இடைநிலைக் கொள்கையாகவே அது தோன்றும். இறுதி விதிவிலக்கே இதன் உயிர்நிலை. பொருட்பெயர் ஒன்றைச் சுட்டுவதோடு தன் பணியை முடித்துக்கொள்கிறது. குணமும் செயலும் நிலையும் குறிக்கும் சொற்களோ ஒன்றைப் பற்றி ஒன்றைக் கூறப் பயன்படுகின்றன. எழுவாய்க்குப் பயனிலையாக வந்து கருத்தை முடிப்பவை அவையே. ஒரு வேதிப்பொருளின் பெயர் அயற்சொல்லாக இருப்பினும், அது கரைகிறது, எரிகிறது, நிறம் மாறுகிறது எனக் கூறும் சொற்கள் மாணவரின் சொந்தச் சொற்களாக இருந்தால் அவர் தாம் கண்டதைத் தாமே உரைக்க வல்லவராவார். அவையும் அயற்சொற்களாயின் கண்டதை உரைக்கப் பிறர் உதவியை நாடுவார். சோதனையைத் தாமே செய்யவேண்டும் என்னும் விதியும் இச்சொல் நெறியும் ஒரே நோக்கத்தின் இரு கூறுகள் என்பது இதனால் பெறப்படும்.

சேலத்தில் 1916இல் இராஜாஜி உள்ளிட்டோர் தமிழ்க் கலைச்சொற்களை உருவாக்கச் சங்கம் அமைத்து இதழ் நடத்தியபோது, அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்ததைப் பாரதி ஏற்கவில்லை. சொற்களை ஆக்குவதோடு அமையாமல், சொற்களைப் பற்றிய விவாதமும் மக்கள் அறியும் மொழியில் நிகழவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அறிவின் முடிவுகளைப் பெறுவோராக மட்டுமின்றி, அம்முடிவுகள் உருவாகும் இடத்திலும் மக்கள் இருக்கவேண்டும் என அவர் கருதியதை இது காட்டுகிறது.

மதப்படிப்பும் அறமும்

அறம் சார்ந்த கல்வியை மதப்படிப்பின் கீழ் அமைக்கிறார் பாரதி. வேதம், உபநிடதம், புராணம், கீதை, பக்தர் பாடல்கள், சித்தர் நூல்கள் எனப் பரந்த நூல்மரபை இதற்கு அடிப்படையாகக் கொள்கிறார். கிளைச் சமயங்கள் ஒன்றையொன்று பழிப்பதை அறியாமையின் விளைவாகக் காண்கிறார். சித்தர் நூல்களையும் வேதங்களோடு ஒரே வரிசையில் வைத்தது கருதத்தக்கது. சடங்கையும் சாதியையும் வினவிய மரபொன்று இவ்வாறு பள்ளிக்குள் நுழைய வழி பிறக்கிறது.

ஆயினும் ஸயின்ஸ் பகுதியில் கண்ட சோதனை மனப்பான்மை இங்குக் காணப்படவில்லை. நூல்கள் ஆதாரங்களாக நிறுத்தப்படுகின்றன. அவற்றை உரசிப் பார்க்கும் கருவி மாணவருக்கு அளிக்கப்படவில்லை. ஒரே பள்ளியில் ஒரு வகுப்பில் சான்றை வினவப் பழகிய மாணவர் மறு வகுப்பில் சான்றை ஏற்கப் பழகவேண்டியவராகிறார். இம்முரணைப் பாரதி தீர்த்துவைக்கவில்லை. சுயமரியாதை இயக்கம் 1925ஆம் ஆண்டுக்குப்பின் எழுப்பிய வினாக்கள் பல இந்த இடைவெளியிலேயே வேர்கொண்டன எனலாம். மதத்தைச் சாராமல் அறத்தைக் கற்பிக்க இயலுமா என்பது அவற்றுள் முதன்மையானது.

பொருள்நூலும் பெண் தற்சார்பும்

தற்சார்பு என்பது தனித்திருத்தல் அன்று என்னும் தெளிவைப் பொருள்நூற் பகுதி தருகிறது. ஒரு முதலாளியின் கீழ்ப் பலர் கூலிக்கு உழைப்பதைவிட, தொழிலாளர் பலர் கூடி நடத்தும் கூட்டு வணிகத்தையே பாரதி சிறந்ததாகக் கொள்கிறார். இதனோடு கைத்தொழில், உழவு, தோட்டப்பயிற்சி ஆகியவையும் பாடங்களாகின்றன. பிறரிடம் கூலி பெற்று வாழும் ஒருவர் பிறர் கருத்துக்கு மாறாகத் தம் கருத்தை வெளியிடுதல் அரிது. எனவே கூட்டுத்தொழில் என்னும் கருத்து பொருளாதார ஏற்பாடாக மட்டுமின்றித் தற்சிந்தனைக்கான அரணாகவும் அமைகிறது.

பெண்களின் நிலையில் இத்தொடர்பு மேலும் வெளிப்படையாகிறது. பெண் விடுதலை குறித்துப் பாரதி வரிசைப்படுத்தும் கோரிக்கைகளுள் சொத்தில் சமபங்கு, உயர்கல்வி, அரசுப் பதவிக்கான தகுதி ஆகியவற்றோடு, மணம் புரியாமல் தொழில்செய்து தனித்து வாழ விரும்பும் பெண்ணுக்கு அவ்வுரிமை வேண்டும் என்பதும் இடம்பெறுகிறது. பெண்ணின் வாழ்வை மணத்தோடு பிணைத்தே சீர்திருத்தம் பேசிய காலத்தில், மணத்திற்குப் புறத்தேயும் பெண்ணுக்கு ஒரு வாழ்வு உண்டு எனவும், அதற்குத் தொழிலே ஆதாரம் எனவும் கூறியது ‘தேசீயக் கல்வி’யின் கைத்தொழிற் பகுதிக்கு முழுப்பொருளைத் தருகிறது. இவ்விரு பகுதிகளையும் தனித்தனியே வாசிக்கும் வழக்கத்தால் இவ்வுறவு போதிய கவனம் பெறாமற் போயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கற்பவரின் தற்சிந்தனைக்குத் தரப்படும் இடம் பாடந்தோறும் வேறுபடுகிறது. ஸயின்ஸில் மாணவர் சோதிப்பவர்; ராஜ்ய சாஸ்திரத்தில் பங்கேற்பவர்; பொருள்நூலில் கூடி உழைப்பவர்; மதப்படிப்பில் ஏற்பவர்.

2. குணம், செயல், நிலை ஆகியவற்றுக்கு அயற்சொல் கூடாது என்னும் நெறி, கண்டதைத் தாமே உரைக்கும் ஆற்றலைக் காக்கும் நெறியாகும். மொழிப்பற்று என்னும் ஒரே விளக்கத்துள் அது அடங்காது.

3. தொழில்வழித் தற்சார்பு கருத்துரிமைக்கு அடிப்படையாக அமைகிறது. பெண் விடுதலைக் கோரிக்கைகளோடு சேர்த்து வாசிக்கும்போதே இது முழுமையாகப் புலப்படும்.

4. ஸயின்ஸ் பகுதியின் சோதனை நெறி மதப்படிப்புக்கு விரிக்கப்படாமை இத்திட்டத்தின் எல்லையாகும். அவ்வெல்லையைச் சுட்டுவது பாரதியின் பெருமையைக் குறைப்பதாகாது. எதையும் தாமே செய்து பார்க்கவேண்டும் என அவர் வகுத்த நெறியை அவர் எழுத்தின்மேலும் செலுத்துவதேயாகும்.

தாய்மொழிவழிக் கல்வி குறித்த இன்றைய உரையாடல், எம்மொழியில் கற்பிப்பது என்னும் வினாவோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அம்மொழியில் மாணவர் கேட்பவராக இருக்கிறாரா, தாம் கண்டதைக் கூறுபவராக இருக்கிறாரா என்னும் வினாவையும் உடன்வைத்து எழுப்புவதற்கு ‘தேசீயக் கல்வி’ இன்றும் இடமளிக்கிறது. இவ்வினாவை முன்வைத்து, விடுதலைக்குப் பிந்தைய தமிழ்வழி அறிவியற் பாடநூல்களின் வினைச்சொல் ஆட்சியை ஆராய்தல் மேலாய்வுக்குரிய களமாகும்.