வெந்தய முளையும் சிறுநீரகமும்



வயிற்றுப்போக்கு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கஞ்சி, மோர், உப்புக்கரைசல் என்று இரண்டு நாளில் சமாளித்து விடுகிறோம். பெரும்பாலும் அது போதும். மலத்தில் இரத்தம் கலந்து போனால் மட்டும் அப்படி இருந்துவிடக் கூடாது. ஏன் என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவ்வாண்டு மே மாதம் வட ஜெர்மனியில் இரத்தபேதியோடு மருத்துவமனைக்கு வந்த பலருக்குச் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்தது. மொத்தம் 3,816 பேர் நோயுற்றனர். 845 பேருக்கு 'ஹீமோலிட்டிக் யுரேமிக் சிண்ட்ரோம்' வந்தது. 54 பேர் இறந்தனர். வழக்கமாகச் சிறு குழந்தைகளுக்கு வரும் இந்நோய், அங்கே பெரியவர்களையே, அதிலும் பெண்களையே அதிகம் தாக்கியது.

காரணம் ஈ.கோலை கிருமியில் ஒரு வகை. அது குடலில் இருந்துகொண்டு 'ஷிகா' என்னும் நஞ்சை வெளிவிடும். நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கும். அங்கே சின்னச் சின்ன உறைகட்டிகள் அடைத்துக்கொள்ளும். அந்த இடுக்கில் புகுந்து வரும் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை உண்டாகும், தட்டணுக்கள் குறையும், சிறுநீர் வற்றும்.

கிருமி எதில் வந்தது? முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. பாவம், அந்த விவசாயிகளின் காய்கள் வீணாயின. நோயாளிகளைக் கேட்டால் பலருக்கு முளைகட்டிய பயறு தின்ற நினைவே இல்லை. சாலட் மேல் தூவிய ஒரு பிடியை யார் கணக்கு வைப்பார்கள்? பிறகு ஓட்டல் சமையற்காரர்களிடம் எந்தப் பதார்த்தத்தில் என்ன சேர்த்தீர்கள் என்று விசாரித்தபோதுதான் பிடிபட்டது. எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டி, பச்சையாகப் பரிமாறியிருக்கிறார்கள்.

நோன்புக் கஞ்சியில் நாம் போடும் அதே வெந்தயம்தான். கஞ்சியில் அது கொதித்து விடுவதால் பயமில்லை. முளைகட்டும்போதுள்ள ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் தோதானவை. விதையின் இடுக்கில் இருப்பது கழுவினாலும் முழுதாகப் போகாது. ஆகவே சர்க்கரைக்கு நல்லது என்று முளை வெந்தயம் சாப்பிடுகிறவர்கள் வேகவைத்தே சாப்பிடுங்கள். மாட்டின் குடலிலும் இவ்வகைக் கிருமிகள் வாழ்வதால், கைமாவும் கோலா உருண்டையும் உள்ளே சிவப்பு தெரியாமல் வேக வேண்டும். பச்சைக்கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்க வேண்டாம்.

இரத்தபேதி கண்டால் மருந்துக்கடையில் பேதி நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ நீங்களாக வாங்காதீர்கள். முன்னது நஞ்சைக் குடலிலேயே தங்கவைக்கும். பின்னதில் சில, நஞ்சு சுரப்பதைக் கூட்டிவிடும். வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. அன்றே மருத்துவரிடம் போய், இரத்தம் போவதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நம் பெண்கள் இதைத்தான் மறைக்கிறார்கள்.

பேதி குறைந்து, தேறிவிட்டோம் என்று நினைக்கும் நாளில்தான் இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டும். ஆகவே ஒரு வாரம் கவனியுங்கள். சிறுநீர் குறைந்தாலும், முகம் வெளுத்தாலும், கால் வீங்கினாலும், பேச்சு தடுமாறினாலும் இரவென்று பாராமல் டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.