முதுமலைக் கானகமும் உண்ணிச்செடி யானையும்

விடுமுறை வந்துற்றதும் நீலகிரியைக் காணச் செல்வோர் பலராவர். மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலை முதுமலைக் கானகத்தின் ஊடே செல்லுகின்றது. வண்டி மெல்லச் செல்லின் புள்ளிமான் கூட்டத்தையும், வாய்ப்பு நன்றாயின் யானையையும் வழியிலேயே காணலாம். கண்டு மகிழ்ந்தபின், அதன் நினைவாக ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புதல் மக்கள் இயல்பு. அப்பொருள் எதனால் ஆயது, அதனைச் செய்தவர் யாவர் என்று உசாவுவோர் மிகச் சிலரே. அச்சிறு வினாவினின்றும் கானகப் பாதுகாப்பைப் பற்றிய ஒரு பெரும்பாடத்தைக் கற்கலாம் என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கானகத்தின் நிலை

முதுமலை என்னும் பெயர் பழமையான மலை எனப் பொருள்படும். இது 1940ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. பின்னர் விரிவுற்று, 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று. இதன் உட்பகுதி 321 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதனுள் ஒரு பகுதியே தேசியப் பூங்கா எனப்படுவது. வடக்கே கருநாடகத்துப் பந்திப்பூரும், மேற்கே கேரளத்து வயநாடும் இதனோடு தொடர்ந்து கிடக்கின்றன. அரசுகள் வகுத்த எல்லையை யானை அறியாது. பருவத்திற்கேற்பப் புல்லையும் நீரையும் நாடி, அது மூன்று நாட்டிலும் உலவுகின்றது.

வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோகிராம் தழையும் புல்லும் உண்ணும். புல் குன்றின் யானையும் காட்டெருமையும் மானும் இரைதேடி வேறிடம் செல்லும். மான் அகன்ற இடத்தில் புலியும் தங்காது. ஆகவே, புலியைக் காத்தல் என்பது முடிவிற் பார்த்தால் புல்லைக் காத்தலேயாம். அப்புல்லுக்குப் பகையாய் வந்து புகுந்தது ஒரு செடி.

2. உண்ணிச்செடியின் வரலாறு

சாலையோரத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த சிறு பூங்கொத்துக்களோடு நிற்கும் உண்ணிச்செடியைக் காணாதவர் இரார். இதன் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு அழகு கருதிக் கொண்டுவரப்பட்டது. தோட்டத்து வேலியைத் தாண்ட அதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. அதன் சிறு கனிகளைக் குருவிகள் உண்டு, விதைகளை எங்கும் பரப்பின. வெட்டினால் அடிக்கட்டையினின்றும் பல கிளைகளாய் முன்னினும் செழித்துத் தழைக்கும். அதன் இலையில் நச்சுப்பொருள் உளதாகலின் மாடு முதலியன அதனை உண்பதில்லை. அறியாது உண்டவை ஈரல் கெட்டு நோயுறும். அடர்ந்து வளர்ந்த அதன் நிழலில் புல் முளையாது, மரக்கன்று தலையெடாது. கோடையில் தீப்பற்றின், தரையோடு செல்லும் தீயை மரக்கிளைகளுக்கு ஏற்றும் ஏணியாகவும் இச்செடி அமைகின்றது.

இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு இச்செடியின் ஆட்சிக்கு உட்படக்கூடியது என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பூச்சிகளை ஏவியும், தீயிட்டும், வெட்டியும் பார்த்தனர். ஒன்றும் முழுப்பயன் தரவில்லை. மண்ணுக்குச் சில அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, அடிக்கட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அவ்விடத்தில் நாட்டுப் புல்வகைகளை வளர்த்தலே நல்ல முறையென இந்நாளில் கருதப்படுகின்றது. இஃது இயந்திரத்தாற் செய்யும் வேலையன்று. மனிதர் கையாற் செய்யும் வேலை. ஓராண்டோடு முடிவதுமன்று, மீண்டும் முளைப்பவற்றைத் தொடர்ந்து களைதல் வேண்டும்.

3. களை கைத்தொழிலானது

மூங்கிலால் கூடையும் முறமும் முடைதல் மலைவாழ் மக்கள் பலருக்குப் பரம்பரைத் தொழில். காப்புக்காடுகளில் மூங்கில் வெட்டுதல் தடுக்கப்பட்டதாலும், மூங்கில் அருகிவிட்டதாலும் அத்தொழில் நலிந்தது. இந்நிலையில், முதுமலைக்குக் கிழக்கே கருநாடக எல்லையிலுள்ள மாதேசுவர மலையில், பெங்களூரைச் சேர்ந்த அட்ரீ என்னும் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வாக்கில் ஒரு புதுவழி கண்டது. மூங்கிலுக்கு ஈடாக உண்ணிச்செடித் தண்டைக் கையாளும் முறையைச் சோலிகர் முதலிய மக்களுக்குப் பயிற்றுவித்தது.

அம்முறை எளிது; உழைப்போ பெரிது. ஒத்த பருமனுள்ள நீண்ட தண்டுகளைத் தெரிந்தெடுத்து, முள்ளும் கிளையும் கழித்து, கட்டாகக் கட்டி, பெரிய கொப்பரையில் வேகவைப்பர். வெந்த தண்டு மெத்தென்றாகும். சூடு ஆறுமுன் பட்டையை உரித்து, வேண்டியவாறு வளைத்து, ஆணியடித்து நிறுத்துவர். உலர்ந்தபின் அவ்வடிவம் மாறாது. இதனைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை என்று கைவினைஞர் கூறுவர். நாற்காலி, கூடை, தட்டு, விளையாட்டுப் பொருள் எனப் பலவும் இவ்வாறு உருப்பெறுகின்றன.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்தே இத்தொழில் வேறொரு பேருருவம் கொண்டது. பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய மக்கள் சுமார் 200 பேர் கூடி, இரும்புச் சட்டத்தின்மேல் உண்ணித்தண்டைப் பொருத்தி, மெய்யளவினவாய யானைகளைச் செய்தனர். அவை கற்பனை யானைகள் அல்ல. அம்மலைகளில் மக்களுக்கு அருகே உலவும் யானைகளை நோக்கி, அவற்றின் சாயலிலேயே இயற்றப்பட்டவை. 2021ஆம் ஆண்டில் இலண்டன் நகரப் பூங்காக்களில் இவ்வியானைகள் நின்றன. 2024ஆம் ஆண்டு ஜூலையில் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டு நகரில் தம் பயணத்தைத் தொடங்கி, நியூயார்க்கு முதலிய நகரங்களைக் கடந்து, 2025ஆம் ஆண்டில் மேலைக்கரையிலுள்ள லாஸ் ஏஞ்செல்ஸை அடைந்தன. அமெரிக்க மண்ணிலிருந்து இங்கு வந்து காட்டைக் கெடுத்த செடியினம், இங்குள்ள மக்களின் கைத்திறத்தால் யானையுருக் கொண்டு அமெரிக்காவுக்கே சென்றமை வியப்பன்றோ!

4. ஓர் ஐயமும் அதன் விடையும்

"இவ்வளவு பரந்த களையை நாற்காலி செய்து ஒழித்துவிட முடியுமா?" என்று ஒருவர் வினவலாம். முடியாது என்பதே நேர்மையான விடை. கைவினைஞர் கொள்வது கடலில் ஒரு கையளவு. மேலும் அவர்க்கு வேண்டுவது தண்டேயன்றி வேரன்று. வேரிருப்பின் செடி மீண்டும் தழைக்கும். ஆதலின், உண்ணிச்செடிப் பொருளொன்றை வாங்கியவர் தாம் காட்டையே காத்துவிட்டதாக எண்ணுதல் கூடாது.

எனினும் பயன் வேறோரிடத்தில் உளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் வந்தபின் காப்பகங்களில் கட்டுப்பாடுகள் பெருகின. அவை விலங்குகளைக் காத்தன என்பது உண்மை. ஆனால், தேனும் கிழங்கும் மூங்கிலும் எடுத்து வாழ்ந்த மக்கள் தாம் பிறந்த காட்டிலேயே அயலாராயினர் என்பதும் உண்மை. இக்குறையை உணர்ந்து 2006ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி, 2011ஆம் ஆண்டில் பிலிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் வாழும் சோலிகர்க்குச் சமூக வன உரிமை வழங்கப்பெற்றது. கானகத்தில் தமக்குப் பங்கும் மதிப்பும் உண்டென்று அறிந்த மக்களே அதன் உண்மைக் காவலர் ஆவர். களையை வெட்டும் கூலியும், அக்களையாற் செய்த பொருளின் விலையும் அவர்தம் இல்லத்தைச் சேருமாயின், காட்டின் நலமும் அவர் நலமும் ஒருவழிப்படும். கைப்பொருள் வாங்குவதன் மெய்ப்பயன் இதுவே.

5. பயணியின் கடமைகள்

கானகத்தைக் காணச் செல்லும் மாணவர் பின்வருவனவற்றைக் கருத்தில் இருத்துக.

முதலாவது, வண்டியை விரைந்து ஓட்டலாகாது, இடையே இறங்கலுமாகாது. சாலையில் அடிபட்டு விலங்குகள் மாண்டமையாலேயே, பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக வண்டிகள் செல்லுதல் 2009ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டது.

இரண்டாவது, குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் தருதல் அன்பன்று, தீங்கே. எறிந்த பிளாஸ்டிக் பையை உணவோடு யானை விழுங்கிவிடும்.

மூன்றாவது, தந்தம், புலிநகம், மான்கொம்பு ஆகியவற்றைக் கையாலும் தொடற்க. அவற்றை விற்றலும் வாங்கலும் சட்டப்படி குற்றம்.

நான்காவது, நினைவுப்பொருள் வாங்குமுன், "இதனைச் செய்தவர் யார்? எவ்வூரில் செய்தது? விலையில் அவர்க்குச் சேர்வது எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். தொலைவிலுள்ள தொழிற்சாலையில் வார்த்த பொம்மை யானையால் முதுமலைக்கு யாது பயன்? உண்ணித்தண்டுக் கூடையும், தோடர் பெண்டிர் கையால் தைத்த பூத்தையலும், குறும்பர் எடுத்த தேனும் அம்மண்ணின் பொருள்கள். அவற்றின் விலை சற்று மிகுதியாயிருக்கலாம். பேரம் பேசிக் குறைக்குமுன், கொப்பரையருகே நின்று தண்டு வேகவைத்த கைகளை ஒருகணம் நினைத்தல் நன்று.

முடிவாக ஒன்று: காட்டைக் காண்பார் ஒருநாள் கண்டு மீள்வர்; காட்டில் வாழ்வார் நாள்தோறும் அங்கிருப்பர். நாம் செலுத்தும் கட்டணமும் வாங்கும் பொருளும் அவர் வாழ்வுக்குத் துணையாயின், நாம் மீண்ட பின்னரும் நம் வருகையின் பயன் ஆங்கே நிற்கும். அடுத்த விடுமுறையில் முதுமலைக்குச் செல்லும் நண்பர்கள் யானையைக் கண்டு திரும்புதலோடு அமையாது, யானைக்கும் அதன் அயலவர்க்கும் உதவித் திரும்புவார்களாக.